‘ஓல்ட்’: பழையதா, வயதானதா, முன்னாளா? காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், விடுதியாக மாறிய செட்டிநாட்டு வீடுகளில் வரவேற்பில் நிற்கிறவர்கள், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கிறவர்கள். மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். இவர்கள் எல்லோர் வாயிலும் நாள் முழுக்கப் புழங்கும் ஆங்கிலப் பெயரடை ஒன்று உண்டென்றால் அது ‘ஓல்ட்’தான். ஊர் அப்படி. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதிலோடு தருகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்; வாய்விட்டுப் படியுங்கள்.

‘ஓல்ட்’ என்றால் ‘பழைய’. இதில் கேட்க என்ன இருக்கிறது?

நாம் ‘பழைய’ என்பதை எதற்கெல்லாம் சொல்வதில்லை என்று யோசித்துப் பாருங்கள். வீடு பழையது, ஆனால் ஆச்சிக்கு வயதாகிவிட்டது. காய் முற்றிவிட்டது. கோயில் தொன்மையானது. பகை நாள்பட்டது. ‘பழைய ஆச்சி’ என்று யாராவது சொன்னால், புது ஆச்சி யார் என்றுதான் கேட்போம். தமிழ் இப்படிப் பிரித்து வைத்திருப்பதையெல்லாம் ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறது.

மூன்று பொருள்களை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒன்று, நெடுங்காலமாக இருப்பது அல்லது நிறைய வயதானது. இரண்டு, இவ்வளவு வயதுள்ளது என்று வெறுமனே அளவு சொல்வது. மூன்று, முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனது. மூன்றாவதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதனால் வரும் வேடிக்கைகளைக் கீழே சொல்கிறேன்.

எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘யங்’ பொருந்தினால் உயிருள்ளவற்றின் வயது. ‘நியூ’ பொருந்தினால் பொருளின் பழமை, அல்லது ‘முன்னாள்’. ‘யங் ஹவுஸ்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘நியூ கிராண்ட்மதர்’ என்றால் முதல் பேரன் இப்போதுதான் பிறந்திருக்கிறான் என்று பொருள், இளம் பாட்டி என்று இல்லை. எதிர்ச்சொல்லே பொருந்தாத இடமும் உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் ‘ஓல்ட்’ போடுகிறார்களே?

‘த பேபி இஸ் டூ டேஸ் ஓல்ட்.’ சரியான வாக்கியம். இங்கே ‘ஓல்ட்’ வெறும் அளவுகோல். குழந்தை முதியது என்று யாரும் சொல்லவில்லை. வாழ்ந்த காலம் இரண்டு நாள், அவ்வளவுதான். குட்டையானவரிடமும் ‘ஹவ் டால் ஆர் யூ?’ என்று கேட்பது இதே வழக்கம்.

ஆகவே, விருந்தினர் ஒருவர் உங்கள் விடுதியில் புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்தைப் பார்த்து ‘ஹவ் ஓல்ட் இஸ் இட்?’ என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். கட்டி எத்தனை நாளாயிற்று என்றுதான் கேட்கிறார். ‘எயிட் மன்த்ஸ் ஓல்ட்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

வயது சொல்லும்போது ‘மை ஏஜ் இஸ் ட்வென்ட்டி’ என்பது தவறில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தை வாசிப்பது போல ஒலிக்கும். ‘ஐ ஆம் ட்வென்ட்டி’ போதும். ‘ஐ ஆம் ட்வென்ட்டி இயர்ஸ் ஓல்ட்’ என்றும் சொல்லலாம். ‘ஐ ஆம் ட்வென்ட்டி இயர்ஸ்’ என்று பாதியில் நிறுத்துவதுதான் கூடாது. ‘இயர்ஸ்’ வந்தால் ‘ஓல்ட்’ வந்தாக வேண்டும்.

அப்பச்சிக்கு ‘அறுபது நடக்கிறது’. ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்டி இயர்ஸ் ஓல்ட்’ என்று சொல்லலாமா?

கூடாது. ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்டி இயர்ஸ் ஓல்ட்’ என்றால் அறுபது முடிந்துவிட்டது. நமக்கோ வயது நடக்கவும் செய்யும், முடியவும் செய்யும். நடப்பு வயதா, முடிந்த வயதா என்ற வேறுபாட்டை ஆங்கிலப் பேச்சு வழக்கில் பார்ப்பதில்லை. முடிந்த கணக்கு மட்டும்தான்.

சாந்தி, மணிவிழா அழைப்பிதழ்களை வெளிநாட்டு நண்பர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கிறவர்களுக்கு இது முக்கியம். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது பிறக்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. அறுபது முடிந்து செய்வது மணிவிழா என்கிற சஷ்டியப்த பூர்த்தி. முதலாவதை ‘சிக்ஸ்டியத் பர்த்டே’ என்று எழுதினால், வருகிறவர் மறு வருடம் மணிவிழாவுக்கும் அதே பெயரில் அழைப்பு வரக் கண்டு விழிப்பார். மணிவிழாதான் ‘சிக்ஸ்டியத் பர்த்டே’. உக்ரரத சாந்திக்கு ‘என்டரிங் ஹிஸ் சிக்ஸ்டியத் இயர்’ என்று எழுதுங்கள். ‘ரன்னிங் சிக்ஸ்டி’ என்பது நம் ஊர் ஆங்கிலம்; வெளியூர்க்காரர், யாரோ அறுபது மைல் ஓடுகிறார் என்று நினைக்கக்கூடும். ‘டர்னிங் சிக்ஸ்டி’ என்றால் அறுபது முடியப் போகிறது.

‘ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட் ஹவுஸ்’: பலகையில் இப்படி எழுதலாமா?

எழுதத்தான் செய்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு நடை போனால் இரண்டொன்று கண்ணில் படும். சரியானது ‘எ ஹண்ட்ரட்-இயர்-ஓல்ட் ஹவுஸ்’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘இயர்’ ஒருமை. மூன்று சொற்களும் சிறு கோடுகளால் இணையும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் பன்மை, கோடு கிடையாது: ‘த ஹவுஸ் இஸ் எ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட்.’ குழந்தைகளைச் சொல்லும்போதும் இதே விதி: ‘எ டென்-இயர்-ஓல்ட் பாய்’. பையனை விட்டுவிட்டு ‘எ டென்-இயர்-ஓல்ட்’ என்றாலும் முழுச் சொல்லாக நிற்கும். பலர் என்றால் கடைசியில் ஒரு ‘ஸ்’, ‘டென்-இயர்-ஓல்ட்ஸ்’.

வாசலில் உட்கார்ந்திருக்கும் ஐயாவை விருந்தினருக்கு அறிமுகம் செய்யும்போது ‘திஸ் ஓல்ட் மேன்’ என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே ‘ஷ்ஷ்’ என்றார்கள். ஏன்?

‘பெரியவர்’ என்று நீங்கள் மனதில் நினைத்தது வாயில் ‘கிழவர்’ என்று வந்துவிட்டது. தமிழில் ‘பெரியவர்’ என்ற சொல்லில் வயதும் மரியாதையும் ஒன்றாக இருக்கின்றன. ‘ஓல்ட் மேன்’ என்பதில் வயது மட்டும்தான். கேட்கிறவர் முன்னிலையில், அவரைச் சுட்டிச் சொன்னால் அது மட்டமாகவே படும்.

அவர் உங்கள் உறவினர் என்றால் உறவைச் சொல்லுங்கள்: ‘திஸ் இஸ் மை கிராண்ட்ஃபாதர்.’ வயது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பெருமையோடு எண்ணைச் சொல்லுங்கள்: ‘ஹீ இஸ் எய்ட்டி-டூ.’ முன்பின் தெரியாதவர் என்றால் ‘அன் எல்டர்லி ஜென்டில்மேன்’. ஊரில் கோயில் காரியம், பங்காளி வழக்கு என்று உட்கார்ந்து பேசுகிற பெரியவர்களைச் சொல்ல ‘எல்டர்ஸ்’ இருக்கிறது. அதில் மரியாதை குறையாமல் வரும்.

இன்னொரு நுணுக்கம். ‘ஓல்ட் பீப்பிள்’ என்பதைவிட ‘ஓல்டர் பீப்பிள்’ மென்மையானது. இலக்கணப்படி பார்த்தால் ‘ஓல்டர்’ என்பது ‘இன்னும் வயதான’ என்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். வழக்கில் அது குறைத்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்த கோணல்களில் இதுவும் ஒன்று. ‘ஓல்ட்’ என்ற முத்திரையைக் குத்தாமல், ‘சற்று வயது கூடியவர்கள்’ என்று ஒதுங்கிச் சொல்வதால் அந்த மென்மை வருகிறது.

முன்னால் ஒரு அன்புச் சொல் வந்தாலும் கடுமை குறையும். ‘எ ஸ்வீட் ஓல்ட் லேடி’ என்று வெளிநாட்டுப் பெண் ஒருவர் உங்கள் அப்பத்தாவைச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். பாசமாகத்தான் சொல்கிறார்.

ஒருவர் தன் கணவரையோ தகப்பனையோ ‘மை ஓல்ட் மேன்’ என்று சொல்லவும் கேட்டிருப்பீர்கள். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

‘எல்டர்’, ‘ஓல்டர்’: எது சரி?

இரண்டும் சரி, இடம் வேறு. பெயரடையாக வரும் ‘எல்டர்’ பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான், பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான்: ‘மை எல்டர் சிஸ்டர்’, ‘தி எல்டெஸ்ட் சன்’. வீட்டுக்கோ தூணுக்கோ ‘எல்டர்’ கிடையாது. ‘ஓல்டர்’ எங்கும் வரும்.

நம் பக்கத்தில் வேரோடிய பிழை ஒன்று உண்டு: ‘ஹீ இஸ் எல்டர் டு மீ’. படித்தவர்களும் சொல்கிறார்கள். ‘சீனியர் டு’, ‘ஜூனியர் டு’ என்பவற்றைப் பார்த்து ஒட்டிக்கொண்ட ‘டு’ இது. அவை இரண்டும் இலத்தீனிலிருந்து வந்த சொற்கள். தம் வழக்கத்தோடு வந்தன. ‘எல்டர்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதன் பின்னால் ‘டு’வும் வராது, ‘தேன்’னும் வராது. ‘ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ’ என்று சொல்லுங்கள்.

அண்ணன், தம்பி என்று பிறப்பு வரிசையைப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு ‘மை பிரதர்’ என்றால் குறையாகப் படுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் ‘எல்டர் பிரதர்’, ‘யங்கர் சிஸ்டர்’ என்று விடாமல் சொல்கிறோம். அவர்களுக்கு அது தேவையில்லை. மூத்தவரா இளையவரா என்பது கதைக்கு வேண்டியிருந்தால் மட்டும் சொன்னால் போதும். பெரியப்பாவை ‘மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்’ என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிடும். ‘மை அங்கிள்’ என்று முடித்துவிடுங்கள்.

‘திஸ் இஸ் அவர் ஓல்ட் ஹவுஸ்’ என்று எங்கள் பூர்வீக வீட்டைக் காட்டினேன். ‘எப்போது விற்றீர்கள்?’ என்று கேட்டார். எப்படி அந்த எண்ணம் வந்தது?

‘முன்னாள்’ என்ற மூன்றாவது பொருள் புகுந்துகொண்டது. ‘மை’, ‘அவர்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் ‘ஓல்ட் ஹவுஸ்’ வந்தால் ‘முன்பு குடியிருந்த வீடு’ என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ‘மை ஓல்ட் ஜாப்’ முன்பு பார்த்த வேலை. ‘மை ஓல்ட் ஃபோன்’ இதற்கு முன் வைத்திருந்த கைப்பேசி.

அதையே வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளினால் ஐயம் தீர்ந்துவிடும்: ‘அவர் ஹவுஸ் இஸ் ஓல்ட்.’ வீடு உங்களுடையது, இன்னும் உங்களுடையது, வயதானது. இன்னும் நல்லது, ‘திஸ் இஸ் அவர் ஃபேமிலி ஹவுஸ்’ என்பது. பங்காளிகள் பத்துப் பேருக்குச் சொந்தமாகி, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்பதையெல்லாம் அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

‘ஓல்ட் ஃபிரண்ட்’ என்றால் வயதான நண்பரா, பழகி நாளான நண்பரா, இப்போது பேச்சுவார்த்தை இல்லாதவரா?

நடுவில் சொன்னதுதான். ‘அன் ஓல்ட் ஃபிரண்ட்’ இருபது வயதுப் பையனாகவும் இருக்கலாம், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்திருந்தால். நட்புக்குத்தான் வயது, நண்பருக்கு இல்லை. ‘மை ஃபிரண்ட் இஸ் ஓல்ட்’ என்றால் நண்பருக்கே வயதாகிவிட்டது. பேச்சு நின்றுபோனவர் என்றால் ‘எ ஃபார்மர் ஃபிரண்ட்’.

ஆனால் ‘மை ஓல்ட் டீச்சர்’ என்பதில் நட்புக்குச் சொன்னது செல்லாது. அது ‘முன்பு எனக்குப் பாடம் எடுத்தவர்’. ஏன் நண்பருக்கு ஒரு நியாயம், ஆசிரியருக்கு ஒரு நியாயம் என்று கேட்டால், ஆசிரியர் என்பது ஒரு பதவி, பதவி முடியும். நட்பு அப்படி ஒரு தேதியில் முடிவதில்லை. முதலாளி, மேலாளர், அண்டை வீட்டுக்காரர் எல்லோரும் ஆசிரியர் கட்சிதான். எழுத்தில் குழப்பம் வேண்டாம் என்றால் ‘ஃபார்மர் டீச்சர்’ என்று எழுதுங்கள். காலமானவர் என்றால் ‘லேட்’: ‘மை லேட் கிராண்ட்ஃபாதர்’.

பழைய பஸ் நிலையத்தை ‘ஓல்ட் பஸ் ஸ்டாண்ட்’ என்று சொன்னால் புரியுமா?

புரியும். சிலர் பாழடைந்த இடம் என்று நினைத்து, அங்கே பஸ் வருமா என்று கேட்பார்கள். ‘த ஓல்ட் ஒன், நாட் த நியூ ஒன், பட் பஸஸ் ஸ்டில் ஸ்டாப் தேர்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெயரில் இருக்கும் பழையதும் புதியதும் வயதைச் சொல்வதில்லை. புதுக்கோட்டை புதியதா என்ன? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ‘நியூ காலேஜ்’ என்று ஒன்று இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1379.

‘ஓல்ட் பியூட்டிஃபுல் டோர்’ என்று சொன்னால் திருத்துகிறார்கள். வரிசையில் என்ன தவறு?

தமிழில் ‘அழகான பழைய கதவு’, ‘பழைய அழகான கதவு’ இரண்டையும் யாரும் தடுப்பதில்லை. ஆங்கிலத்தில் பெயரடைகளுக்கு ஒரு வரிசை உண்டு. மீறினால் பொருள் கெடாது, காது கெடும். முதலில் உங்கள் அபிப்பிராயம், பிறகு அளவு, பிறகு வயது, பிறகு வடிவம், நிறம், நாடு, எதனால் செய்தது. ‘ஓல்ட்’ நடுவில் நிற்கிறது.

‘எ லவ்லி ஓல்ட் பர்மீஸ் டீக் டோர்’: அழகிய பழைய பர்மா தேக்குக் கதவு. ‘எ பிக் ஓல்ட் ஒயிட் ஹவுஸ்’. ‘ஓல்ட் ஜாப்பனீஸ் டைல்ஸ்’. நாட்டையும் மரத்தையும் ‘ஓல்டு’க்கு முன்னால் கொண்டுவராதிருந்தால் பாதிப் பிழை நின்றுவிடும்.

கடையில் எல்லாவற்றையும் ‘ஆன்டிக்’ என்று சொல்லலாமா? ‘வெரி ஓல்ட்’ என்றால் நல்ல விலை போகிறதே.

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். இங்கே சொல்லோடு சட்டமும் வருகிறது.

ஒரு எனாமல் தூக்குவாளியை எடுத்துக்கொள்வோம். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, வாய்ப் பக்கம் இரண்டு இடத்தில் எனாமல் தெறித்துக் கறுத்திருக்கிறது. கடைக்காரர் ‘வெரி ஓல்ட் மேடம், ஒன் ஃபிஃப்டி இயர்ஸ்’ என்கிறார். அந்த அம்மாள் வாளியைத் தலைகீழாகத் திருப்புகிறார். அடியில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று முத்திரை. அந்த நாடே 1918இல்தான் பிறந்தது. அப்புறம் அந்தக் கடையில் எதைச் சொன்னாலும் எடுபடாது. அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது. ‘ப்ராபப்ளி நைன்டீன் தர்ட்டீஸ்’ என்று நிதானமாகச் சொல்கிறவரிடம்தான் விவரம் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள்.

‘ஓல்ட்’ என்பதற்கு எல்லைக்கோடு கிடையாது. ‘ஆன்டிக்’ என்பதற்கு வியாபார வழக்கில் நூறு ஆண்டு என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் குறைந்து, ஒரு காலத்தின் முத்திரையோடு இருக்கும் பொருள் ‘விண்டேஜ்’. திராட்சை அறுவடையைக் குறித்து, பிறகு ஒயினுக்கு ஆண்டு சொல்லப் பயன்பட்டு, அப்புறம் காருக்கும் கைக்கடிகாரத்துக்கும் வந்த சொல். இன்றைக்குச் செய்து அன்றையது போல இருப்பது ‘ரெட்ரோ’, அல்லது ‘ரீப்ரொடக்‌ஷன்’. ரவிவர்மா படத்தின் பழைய கல்லச்சுப் பிரதியும் போன மாதம் அச்சிட்டுத் தேநீர்க் கறை ஏற்றிய பிரதியும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால், இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்வது வியாபாரம் இல்லை.

இடித்த வீட்டின் உத்தரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த மேசையும் ‘ஓல்ட் டேபிள்’ இல்லை. மரம் பழையது, மேசை புதியது. ‘எ நியூ டேபிள் மேட் ஃப்ரம் ஓல்ட் டீக்’ என்று சொல்லுங்கள். ‘ரீக்ளெய்ம்டு டீக்’ என்ற சொல்லுக்கு நல்ல மதிப்பே இருக்கிறது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இனிச் சட்டம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருளாகும். மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆகவே ‘நூற்றைம்பது வருடம்’ என்று நீங்கள் அளந்துவிடுவது, வாங்குகிறவரிடம் ‘இதை விமானத்தில் ஏற்ற முடியாது’ என்று சொல்வதற்குச் சமம். அவர் அதை நம்பி வாங்கிப்போய்ச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டால், முப்பதுகளில் வந்த வாளியாக இருந்தாலும் பதில் சொல்லி மாளாது. ஐயமுள்ள பொருளுக்கு, அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும் வழி இருக்கிறது. அதையும் வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

‘ஏன்ஷியன்ட்’ என்று சொன்னால் இன்னும் பெருமையாக இருக்குமே?

பெருமை இருக்கும், உண்மை இருக்காது. செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டியவை. பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் போய்ச் சேர்த்த பணம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அந்த வரத்து முறிந்தது. அவை ‘ஏன்ஷியன்ட்’ இல்லை. அந்தச் சொல்லைப் பிள்ளையார்பட்டிக் குடைவரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. இதே சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக்கும் தாராளமாகச் சொல்லலாம்.

பழைய சோறு ‘ஓல்ட் ரைஸ்’தானே?

விடுதி உணவுப் பட்டியலில் அப்படி எழுதினால் ஒருவரும் தொட மாட்டார்கள். உணவில் ‘ஓல்ட்’ என்றால் கெட்டுப்போனது என்ற வாடை வீசும். ‘ரைஸ் சோக்டு ஓவர்நைட்’ என்றோ ‘ஃபெர்மென்டட் ரைஸ்’ என்றோ எழுதுங்கள். அதே சோற்றைச் சின்ன வெங்காயத்தோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். நமுத்துப்போன சீடை ‘ஸ்டேல்’. திரிந்த பால் ‘ஹேஸ் கான் ஆஃப்’. முற்றிய வெண்டைக்காய் ‘டூ மெச்சூர்’ அல்லது வெறுமனே ‘டஃப்’.

பழைய அரிசி மட்டும் வேறு. வைத்திருந்து பழக்கிய அரிசிக்கு ‘ஏஜ்டு ரைஸ்’. நாள்பட நாள்பட நயம் கூடுகிறவற்றுக்கு ‘ஏஜ்டு’ என்பதுதான் சொல். இதில் ஓர் உச்சரிப்பு வம்பு இருக்கிறது: அரிசிக்கும், ‘ஏஜ்டு சிக்ஸ்டி’ என்று எண்ணோடு வரும்போதும் ‘ஏஜ்டு’. வயது முதிர்ந்த மனிதர் என்னும்போது ‘அன் ஏஜிட் மேன்’ என்று இரண்டு அசையாகச் சொல்ல வேண்டும். எழுத்து ஒன்றே.

‘ஓல்ட்’ வரும் சொலவடைகள் எவை தெரிந்திருக்க வேண்டும்?

‘அன் ஓல்ட் ஹேண்ட்’ என்றால் பழம் தின்று கொட்டை போட்டவர். ‘த சேம் ஓல்ட் ஸ்டோரி’ நம் ‘பழைய குருடி கதவைத் திறடி’க்குப் பக்கத்தில் வரும். ‘எனி ஓல்ட் திங்’ என்பதில் பழமையே இல்லை. ‘ஏதோ ஒன்று, எதுவானாலும் சரி’. ‘குட் ஓல்ட்’ என்பதும் அப்படித்தான், வெறும் வாஞ்சை.

‘ஓல்ட் மணி’ நம் ஊருக்கென்றே செய்தது போன்ற சொல்: தலைமுறை தலைமுறையாக வந்த செல்வம், அதோடு வந்த அடக்கமும். விருந்தினர் யாராவது ஒரு வீட்டைப் பார்த்து அப்படிச் சொன்னால் பாராட்டு. வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னால் நன்றாக இருக்காது.

‘ஓல்ட் வைவ்ஸ் டேல்’ என்பதைப் பாட்டி கதை என்று நினைத்து, அப்பத்தா சொன்ன கதைகளுக்குச் சூட்டாதீர்கள். அதற்கு ‘ஆதாரமில்லாத கிழவிப் பேச்சு’ என்று பொருள். அப்பத்தா சொன்னது ‘மை கிராண்ட்மதர்ஸ் ஸ்டோரி’.

இந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் என்ன?

பழைய ஆங்கிலத்தில் ‘எயால்ட்’, ‘ஆல்ட்’ என்று இரு வடிவங்கள் இருந்தன. ஜெர்மனில் இன்றும் ‘ஆல்ட்’தான். வேர் ‘வளர்தல், ஊட்டி வளர்த்தல்’ என்ற பொருளுடையது. இலத்தீன் வழி வந்த ‘அடல்ட்’டும் அதே வேரின் கிளை. ஆக ‘ஓல்ட்’ முதலில் ‘வளர்ந்தது’. ‘வேர்ல்ட்’ என்ற சொல்லுக்குள்ளும் இது ஒளிந்திருக்கிறது: மனிதனைக் குறித்த ‘வெர்’ என்ற பழஞ்சொல்லும் வயதைக் குறித்த சொல்லும் சேர்ந்து, ‘மனிதனின் காலம்’ என்று பொருள் தந்து, பிறகு உலகமாயிற்று.

வீடு காட்டும்போது ‘வெரி வெரி ஓல்ட்’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

ஆண்டைச் சொல்லுங்கள். முகப்பில் ஆண்டு பொறித்த வீடுகள் உண்டு. இல்லையென்றால் வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘பில்ட் இன் த நைன்டீன் டென்ஸ்’ என்றால் கேட்கிறவர் மனதில் ஒரு காலம் விரிகிறது. ‘வெரி ஓல்ட்’ என்றால் ஒன்றும் விரிவதில்லை. எதைக் காட்டினாலும் அதையே சொல்கிறீர்கள் என்பது மூன்றாவது அறைக்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, எது பழையது என்று பிரித்துச் சொல்லுங்கள். தூண்கள் பர்மாத் தேக்கு, அன்றையவை. தரையின் ஆத்தங்குடிக் கல் சில வீடுகளில் அன்றையது, சிலவற்றில் சமீபத்தில் மாற்றியது. சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘த பில்லர்ஸ் ஆர் ஒரிஜினல், த ஃப்ளோர் இஸ் நியூ’ என்று சொல்கிறவரை நம்புவார்கள். ‘ஒரிஜினல்’ இங்கே மிகவும் பயன்படும் சொல்.

மூன்றாவது, ‘ஓல்டெஸ்ட்’ என்று அடித்துப் பேசுவதில் கவனம். ‘தி ஓல்டெஸ்ட் ஹவுஸ் இன் செட்டிநாடு’ என்று நான்கு ஊரில் நான்கு பேர் சொல்கிறார்கள். பயணிகளோ நான்கு ஊருக்கும் போகிறார்கள். ‘ஒன் ஆஃப் தி ஓல்டர் ஹவுசஸ்’ என்று சொல்லுங்கள். ‘ஹவுசஸ்’ பன்மை, ‘ஒன் ஆஃப்’ வந்தால் பன்மை வந்தே தீர வேண்டும். ஊரின் மதிப்பைச் சொல்ல வேண்டும் என்றால், செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததைச் சொல்லுங்கள். உத்தேசப் பட்டியல்தான், ‘டென்டேட்டிவ் லிஸ்ட்’. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள் என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

உச்சரிப்பு?

‘ஓல்டு’ என்று கடைசியில் ஓர் ‘உ’ வைப்பது நம் நாக்கின் பழக்கம், ‘ட்’டோடு நிறுத்துங்கள். முன்னால் காற்றை ஊதினால் ‘ஹோல்ட்’ ஆகி, பிடித்துக்கொள்ளச் சொல்வதாக அர்த்தமாகிவிடும். உயிரொலியில் தொடங்குவதால் ‘அன் ஓல்ட் ஹவுஸ்’; நடுவில் ‘வெரி’ வந்துவிட்டால் ‘எ வெரி ஓல்ட் ஹவுஸ்’. ‘த’ என்பதும் இதற்கு முன்னால் ‘தி ஓல்ட் ஹவுஸ்’ என்று ‘தி’யாக ஒலிக்கும். மேலே பஸ் நிலையத்துக்கு ‘த ஓல்ட் ஒன்’ என்று எழுதியிருப்பதையும் ‘தி’ என்றே படித்துக்கொள்ளுங்கள்.